சைக்கிள் கடையில் குடியிருந்த தெரு

ஆர்.ஐ. அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ரேஷன் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் யாரோ வாங்கி வைத்த டீ ஆறி, ஆடை கட்டியிருந்தது. அவர் தொடவில்லை. கும்பகோணத்துச் சாம்பல்மேட்டில் வெளியாட்கள் எதையும் வாங்கிக் குடிப்பதில்லை. அது எங்களுக்குப் பழகிப்போனதுதான்.

ஆர்.ஐ. என்றால் வருவாய் ஆய்வாளர். தாலுகா ஆபீஸிலிருந்து வந்திருந்தார். வந்த காரியம் பெரியது. சாம்பல்மேடு முழுக்கப் புறம்போக்கு. பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே குடியிருப்பதாகக் காகிதம் காட்டுகிறவர்களுக்குப் பட்டா கிடைக்கும். காட்ட முடியாதவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

என் தம்பி சேகர் இன்னும் அந்த மேட்டில்தான் இருக்கிறான், நாங்கள் பிறந்த அதே வீட்டில். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. "பாரம் எழுத ஆள் இல்லக்கா, வந்துட்டுப் போ" என்று போன் செய்திருந்தான். மயிலாடுதுறையிலிருந்து பஸ் பிடித்துப் போய், காலையிலிருந்து தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தேன். என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். அந்த அழகான கையெழுத்தில் எல்லோருக்கும் ஒரே முகவரியை எழுதினேன். எண் பதினான்கு, மில் ரோடு.

ஆர்.ஐ. நாலைந்து விண்ணப்பங்களைப் பார்த்தார். பிறகு மொத்தக் கட்டையும் எடுத்துப் புரட்டினார்.

"எல்லாரும் பதினாலாம் நம்பர்னு போட்டிருக்கீங்க. ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் அட்டை எல்லாத்துலயும் அதான் இருக்கு. எங்க இருக்கு இந்த வீடு?"

சேகர்தான் சொன்னான்.

"ரோடு அகலப்படுத்துனப்ப இடிச்சிட்டாங்க மேடம்."

"ரொம்பப் பெரிய வீடோ?"

"வீடு இல்லங்க மேடம். சைக்கிள் கடை."

"அதுல யாரு குடியிருந்தது?"

"யாரும் இல்லங்க."

அவர் பேனாவை மூடினார். "அப்ப நீங்க யாரும் இந்த மேட்டுல இருந்ததுக்கு ஒரு காகிதமும் இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்போம், எங்களுக்கு அது நன்றாக வரும். அவர் பரிதாபப்பட்டுச் சொன்னார்.

மேடு வந்த கதை

மில் ரோட்டில் ஒரு பெரிய அரிசி ஆலை இருந்தது. நெல்லை அவிக்க உமியைத்தான் எரிப்பார்கள். எரிந்த சாம்பலைப் பின்பக்கத்துக் குட்டையில் கொட்டுவார்கள். குட்டை தூர்ந்தது. பிறகு தரை எழும்பியது. பிறகு மேடாயிற்று. அந்த மேட்டின்மேல் நாங்கள் குடியேறினோம்.

உமிச் சாம்பல் லேசில் அணையாது. மேலே பார்த்தால் சாதுவாக இருக்கும். காலை வைத்தால் உள்ளே நெருப்பு. என் வயதுக்காரர்களில் உள்ளங்காலில் தழும்பு இல்லாதவர்கள் குறைவு. கல்யாணத்தன்று மெட்டி போடும்போது என் நாத்தனார் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். கொதிக்கிற பால் கொட்டிவிட்டது என்றேன். வீட்டில் அவ்வளவு பால் வாங்குகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, மேலே கேட்கவில்லை.

வெள்ளைத் துணி கொடியில் காயும்போதே பழுப்பாகிவிடும். வெந்த நெல்லின் புளிச்ச வாசனை தலைமுடிக்குள் புகுந்துகொண்டு சீயக்காய்க்கும் போகாது. பள்ளிக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டே எங்களைக் கண்டுபிடிப்பார்கள்.

மேட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டு வகை. ஒன்று, பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி, எந்த ஊரும் சொந்த ஊராக இல்லாமல் போனவர்கள். இன்னொன்று, தெற்கே வானம் பார்த்த பூமியிலிருந்து அறுப்புக்கு வந்து, அறுப்பு முடிந்தும் திரும்பிப் போகாதவர்கள். டவுன்காரர்களுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். வந்தவங்க. நாற்பது வருஷம் கழித்தும் நாங்கள் வந்துகொண்டேதான் இருந்தோம், வந்து சேர்ந்ததாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

என் அப்பா காளிமுத்து பர்மா வகை. அம்மா தெக்கத்தி வகை. கல்யாணமான புதிதில் அப்பா ஆசையாக அத்தோ செய்து தட்டில் வைத்தாராம். அம்மா நூடுல்ஸை அதற்குமுன் பார்த்ததில்லை. "புழுவ வதக்கி வச்சிருக்கீங்களே" என்று எழுந்து போய்விட்டாளாம். பிற்காலத்தில் அதையே ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள்தான் செய்வாள். வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்து, புளித்தண்ணீர் விட்டு, எலுமிச்சை பிழிந்து. இப்போது டவுனில் அத்தோ கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது. அன்றைக்கு அந்த வாசனையும் எங்கள்மேல் ஒரு குற்றச்சாட்டாகத்தான் இருந்தது.

பேர் கெட்ட கதை

எங்களை உத்தமர்கள் என்று எழுதப் போவதில்லை. சாம்பல்மேட்டில் சாராயம் விற்றது உண்மை. சைக்கிள் டியூபில் நிரப்பி, இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவார்கள். முதல் வரிசையில் மதுரத்தம்மா வீட்டில்தான் வியாபாரம். புருஷன் ஆலை பெல்ட்டில் கையைக் கொடுத்துவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்தபிறகு அந்த அம்மாள் ஆரம்பித்த தொழில். சில்லறைத் திருட்டுக்குப் போனவர்களும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும், போலீஸுக்கும் தெரியும்.

ஆனால் டவுனில் ஒரு குத்துவிளக்கு காணாமல் போனாலும் வேன் நேராக எங்கள் தெருவுக்குத்தான் வரும். வந்த வேன் காலியாகத் திரும்பக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். கையில் அகப்பட்ட ஆம்பிளைகள் ஏற வேண்டியதுதான்.

பாத்திரக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் கண் என் முகத்தைப் பார்க்காது, கையைப் பார்க்கும். ரிக்‌ஷா மில் ரோடு வரைதான் வரும். பெண் கேட்டு வந்தவர்கள் தெரு முனையில் விசாரித்துவிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்ததை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ஆபரேட்டர் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் எழுதாமல் விட்டுவிட்டேன். குரலுக்கு வாசனை கிடையாது. எந்தத் தெரு என்று யாரும் கேட்க முடியாது. ஒருநாள் ஒரு பெரிய மனிதர் போலீஸ் ஸ்டேஷனுக்கு லைன் கேட்டார். "சாம்பல்மேட்டுப் பசங்க வேலையாத்தாம்மா இருக்கும், சீக்கிரம் குடு" என்று என்னிடமே சொன்னார். "இதோ சார்" என்று நானே இணைப்புக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இப்போது நடவுக்கு வடக்கேயிருந்து ஆட்கள் வருகிறார்கள். சிலர் சாம்பல்மேட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். போன தடவை நான் போயிருந்தபோது ஒரு சைக்கிள் காணவில்லை. "அவனுங்க வந்ததுலேருந்துதான் இந்த வேலையெல்லாம்" என்றான் சேகர். எனக்குச் சுருக்கென்றது. அதே வாக்கியத்தை எங்களைப் பற்றி எத்தனை வாயில் கேட்டிருப்பான் அவன்.

கேர் ஆஃப் கோபால்

முகவரியை மறைக்கும் வழியை யார் முதலில் கண்டுபிடித்தது என்று தெரியாது. சாம்பல்மேடு என்று எழுதிய விண்ணப்பத்துக்குப் பதில் வராது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். வேலைக்கு, கடனுக்கு, காலேஜுக்கு, கல்யாணத்துக்கு எதற்கும் வராது.

மேட்டுக்குப் போகும் சந்தின் முனையில், மில் ரோட்டில், கோபால் என்பவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். எட்டடிக்கு எட்டடி. கதவு எண் பதினான்கு. அந்த மனிதருக்கு இரக்க சுபாவம். ஒருவர் கேட்டார், சரி என்றார். அடுத்தவர் கேட்டார், சரி என்றார். பஞ்சர் தண்ணீர்த் தொட்டிக்குமேல் ஒரு தகரப் பெட்டியை ஆணியடித்து மாட்டினார். தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் அதில் போட்டுவிடுவார். பெட்டியில் கைவிட்டால் கிரீஸ் ஒட்டும். வேலை உத்தரவு, மணி ஆர்டர் பாரம், சாவுச் செய்தி எல்லாமே எங்களுக்கு ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகையோடுதான் வந்தன.

முதலில் 'கேர் ஆஃப் கோபால்' என்று எழுதினோம். பிறகு கோபாலையும் விட்டுவிட்டோம். ரேஷன் கார்டு போட்டபோது அதே முகவரி. வாக்காளர் பட்டியலிலும் அதே. புறம்போக்குக்குக் கரண்ட் தரமாட்டார்கள் என்பதால் மீட்டருக்கும் அதே. ஒரு தேர்தலில் கட்சிக்காரர் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் இந்தக் கடைக்குள் எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்டார். "ஷிப்டு போட்டுப் படுக்கறோங்க" என்றாளாம் மதுரத்தம்மா.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் எங்களை நாங்களே ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருக்கிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. சேகரைப் பள்ளியில் சேர்த்தபோது பாரம் எழுதியது நான்.

களத்திலிருந்து போனவர்

அப்பாவுக்கு ஆலைக் களத்தில் வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, காலால் வரிவரியாகத் துழாவிக் காயவைப்பது. உச்சி வெயிலில் அவர் நடந்துபோன பின்னால் நெல்லில் கோடு போட்ட நோட்டைப் போலப் பள்ளம் விழுந்திருக்கும். எனக்குச் சோறு கொண்டுபோகும் வேலை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். சேகர் அப்போது கைக்குழந்தை. ஆலையில் நெல் மூட்டைகள் காணவில்லை என்று புகார். தூக்குச் சட்டியோடு நான் களத்துக்குள் நுழையும்போது அப்பாவையும் இன்னும் இரண்டு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா காலில் நெல் ஒட்டியிருந்தது. படியில் கால் வைக்கும் முன்னால் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்து அதை உதிர்த்துவிட்டு ஏறினார். ஆலை நெல் ஒன்றுகூடத் தன்னோடு வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

ஜாமீன் கட்ட ஆளில்லை. மூன்று மாதத்துக்கு மேல் சப்-ஜெயிலில் இருந்தார். அதைத்தான் ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது. பிறகு கோர்ட் அவரை விடுவித்தது. காணாமல் போனதாகச் சொன்ன மூட்டைகள் ஆலையின் வேறொரு கொட்டகையிலேயே இருந்திருக்கின்றன. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. உள்ளே போனவர் என்ற பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

அப்பா வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்துத் தீர்ப்பின் நகல் வாங்கி வைத்திருந்தார். டைப் அடித்த மூன்று தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருப்பார். படிக்கத் தெரியாதவர். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். கடைசித் தாள் வந்ததும் கையைக் கட்டிக்கொள்வார்.

மூன்று தாள்

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நாங்கள் மில் ரோட்டில் ஒரு சிநேகிதி வீட்டை எங்கள் வீடு போலக் காட்டினோம். எல்லாம் கூடிவந்தது. நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா டிரம்மைத் திறந்து அந்தப் பையை எடுத்தார்.

"இத அவங்ககிட்ட நானே காட்டிடறேன் பாப்பா. நாளைக்கு யாராவது வந்து சொல்றதுக்கு முந்தி நாமளே சொல்லிட்டா பேச்சே இல்ல பாரு. இதுலதான் நான் திருடலன்னு எழுதியிருக்கே."

"அதுலதான் உங்கள ஜெயில்ல வச்சதும் எழுதியிருக்கு" என்றேன்.

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் பையைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து, எரித்துவிட்டேன் என்று சொன்னேன்.

எரிக்கவில்லை. ஏன் எரிக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டிரம்மின் மூடியைச் சாத்தினார். அதற்கப்புறம் சாகும்வரை அந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காட்ட எதுவும் கையில் இல்லாதபோது பேசி என்ன என்று விட்டுவிட்டார். அம்மாவும், அதைத் தோண்ட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

சேகர் வளர்ந்தான். அவனுக்குத் தெரு சொன்னதுதான் தெரியும். இருபது வயதில், ஏதோ சண்டையில், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துத் 'திருட்டுப் பய' என்று சொல்லிவிட்டானாம். அப்பா சோற்றோடு கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாராம். அம்மா எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, வராந்தாவில் நின்று அழுதுகொண்டே இதை என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கும் அந்தத் தாள்கள் என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், பத்திரமாக இருந்தன. நான் எடுக்கவில்லை. மாமியார் உயிரோடு இருந்தார். என் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் நல்ல பேர். ஏதோ ஒன்று எப்போதும் இருந்தது. இரண்டு வருஷத்தில் அப்பா போய்விட்டார்.

மதுரத்தின் கோணிப்பை

ஆர்.ஐ. பேனாவை மூடின இடத்தில் விட்டேன் அல்லவா. அவர் எழுந்திருக்கப் போனார். அப்போது மதுரத்தம்மா வரிசையை விலக்கிக்கொண்டு வந்தாள். எண்பதைத் தாண்டியவள். கையில் ஒரு கோணிப்பை.

"எங்கிட்ட இருக்கு காயிதம். ரேஷன் கார்டெல்லாம் கோபால் கடைதான். ஆனா போலீசுகாரன் என்னிக்காவது கோபால் கடையில வந்து என்னப் புடிச்சிருக்கானா? இங்கதான வந்தான்."

பையைக் கவிழ்த்தாள். அத்தனையும் சாராய வழக்குகள். சம்மன், அபராத ரசீது, கோர்ட் நகல். ஆர்.ஐ. ஒன்றை எடுத்துப் படித்தார். "மதுரம், கணவர் பெயர் ரத்தினம், சாம்பல்மேடு, முதல் வரிசை." இன்னொன்றை எடுத்தார். அதிலும் சாம்பல்மேடு. கூட வந்த உதவியாளரைப் பார்த்தார். ஆர்.ஐ.க்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பாட்டி, உங்களுக்குத்தான் மொதப் பட்டா."

"குடுங்க. சும்மாவா அலைஞ்சேன்" என்றாள் மதுரத்தம்மா.

ஆர்.ஐ. ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம்.

அடுத்த புதன்கிழமை வருகிறேன், கோர்ட் காகிதம், போலீஸ் காகிதம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் சாம்பல்மேட்டில் நடந்த வேடிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வீடு குற்றவாளியைத் தேடினார்கள். "உங்க பெரியப்பா ஒருதரம் உள்ள போனாருல்ல?" "அது அடிதடி, கேஸ் எழுதலயே." ஐந்தாவது வரிசையில் ஒருவர், பரம்பரையில் யார்மேலும் ஒரு வழக்கு கிடையாது என்று காலமெல்லாம் மார்தட்டியவர். அன்றைக்கு அழாத குறையாகத் தெருவில் நின்றார்.

என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது சேகர் சொன்னான்.

"அப்பா கேசு பேப்பர் எதாச்சும் இருந்திருந்தா நமக்கும் ஆயிருக்கும். அந்த மனுசன் இந்த வீட்டுக்குச் செஞ்ச ஒரே உபகாரமா அது இருந்திருக்கும். உனக்கு எதாச்சும் தெரியுமாக்கா?"

"தெரியலடா" என்றேன். பஸ் வந்துவிட்டது.

பீரோ

மூன்று நாள் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். தூங்கினேன். எழுந்ததும் ஞாபகம் வரும், அவ்வளவுதான். அவன் வீடு போனால் நாற்பத்தெட்டு வயதில் எங்கே போவான்? டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு யார் வீடு வாடகைக்குக் கொடுப்பார்கள், அதுவும் அந்த மேட்டிலிருந்து வருகிறவனுக்கு? காகிதத்தை எடுத்துக் கொடுத்தால் வீடு நிற்கும். எடுத்தால், இத்தனை காலம் எங்கே இருந்தது என்று கேட்பான். என்ன சொல்வது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பீரோவைத் திறந்து, பையை எடுத்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். மேடு அவருக்கு எப்போதோ தெரியும், வழக்குதான் தெரியாது. மூன்று தாளையும் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத எங்கிட்டேருந்து மறைக்கணும்னு ஏன் தோணுச்சு உனக்கு?"

"பயம்தாங்க."

"எம்மேலயா?"

நான் தாள்களை மடித்துப் பையில் வைத்தேன். மறுநாள் நான் கிளம்பும்போது சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

கடைசித் தாள்

ரேஷன் கடை வாசலில் அதே நாற்காலி. சேகர் வெறும் கையோடு வரிசையில் நின்றிருந்தான். நான் அவனிடம் கொடுக்காமல் நேராகப் போய் ஆர்.ஐ.யிடம் கொடுத்தேன். அவன் முகத்தைப் பார்க்கிற தெம்பு இல்லை.

அவர் உதவியாளருக்காக உரக்கப் படித்தார். "மூன்றாம் எதிரி காளிமுத்து, தகப்பனார் பெயர் சுப்பையா, சாம்பல்மேடு, மூன்றாவது வரிசை." நிமிர்ந்தார். "இது போதும்மா. வாரிசுச் சான்றிதழோட சேர்த்துக் குடுத்திடுங்க. கடைசித் தாள்ல சீல் மட்டும் பார்த்துக்கிறேன்."

புரட்டினார். சீலுக்கு மேலே இருந்ததை, ஆரம்பித்த வேகத்தில், அதே குரலில் படித்துக்கொண்டே போனார். காணாமல் போனதாகச் சொல்லப்படும் மூட்டைகள் ஆலையின் மற்றொரு கொட்டகையிலேயே இருந்ததை அரசுத் தரப்புச் சாட்சியே ஒப்புக்கொண்டிருக்கிறார். எதிரிகள் மூவரும் குற்றவாளிகள் அல்ல என்று தீர்மானித்து விடுதலை செய்யப்படுகிறார்கள்.

சேகர் வரிசையை விட்டு முன்னால் வந்தான்.

"மேடம், அத இன்னொரு தரம் படிங்க."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக இன்னொரு முறை படித்தார். சேகர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். அப்பா கேட்பது போலவே. யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

பிறகு என்னைப் பார்த்தான்.

"அன்னிக்கு நான் அவரச் சொன்னது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டா. அம்மா சொன்னா."

"அப்பவும் இது உங்கிட்டதான் இருந்துச்சா?"

"ஆமா."

அவன் திட்டவில்லை. தாள்களை ஆர்.ஐ.யிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மில் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்கு நடந்தான். அரைமணி கழித்து வந்து நகலை அவரிடம் கொடுத்தான். அசலை லாமினேஷன் போட்டிருந்தான். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாங்கள் கொஞ்ச நேரம் வெளியே நின்றோம். "வா, போலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவனுக்குப் பட்டா வந்துவிட்டது. மதுரத்தம்மா சொல்லித்தான் தெரியும். அப்பாவோடு வேனில் ஏறிய மற்ற இருவர் வீட்டுக்கும் அதே மூன்று தாளால் பட்டா ஆகியிருக்கிறது. ஐந்தாவது வரிசைக்காரரும் இன்னும் பலரும் தாலுகா ஆபீஸுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். சேகர் என்னிடம் பேசி ஏழு மாதமாகிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஒரு திருத்தம்

இந்தத் தொடரின் முதல் வாரத்தில், 'நான் பிறந்தது கும்பகோணம் மில் ரோட்டில், அப்பாவுக்குச் சொந்தமாகச் சைக்கிள் கடை' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, அந்தக் கடையில் வாடகை சைக்கிள் எடுத்த ஞாபகம் இருக்கிறது என்று ஒரு வாசகர்கூடக் கடிதம் போட்டிருந்தார். அவர் சைக்கிள் எடுத்தது கோபாலிடம். அந்த வாசகர் என்னை மன்னிக்க வேண்டும்.

சேகர் இந்தப் பத்திரிகையை விலை கொடுத்து வாங்கமாட்டான். ஆனால் சலூனில் முறை வருவதற்குக் காத்திருக்கும்போது புரட்டுவான். இந்த வாரம் புரட்டுவானா, தெரியாது.

யாராவது வந்து சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் பேச்சே இல்லை என்றார் அப்பா. ரொம்பத் தாமதமாகச் சொல்கிறேன். என் அப்பா பெயர் காளிமுத்து. ஆலைக் களத்தில் நெல் துழாவியவர். முகவரி: சாம்பல்மேடு, மூன்றாவது வரிசை, கும்பகோணம். அவர் திருடவில்லை.